தேதியைக் கழித்த பிறகு

நாலு கோடி விற்பனை.
ஒரு பெட்டி கை மாறினால் ஒரு வரி:
விற்றவர், வாங்கியவர், எடை, விலை, தேதி.
முதுநகர்த் துறைமுகத்தில் இறங்கி
பண்ருட்டி, விருத்தாசலம், அதற்கும் அப்பால்
மூன்று வருடமாய் மீன் நடந்த நடையெல்லாம்
மஞ்சக்குப்பத்து மாடி அறையில்
என் எட்டு ஜிபி லேப்டாப்புக்குள் வந்து உட்காரவேண்டும்.

உட்காரவில்லை.

நெய்வேலி விடுதியில் பதினோரு பேர்
கானாங்கெளுத்திக் குழம்பு தின்று
முகம் சிவந்து படுத்திருக்கிறார்கள்.
எந்த ஐஸ் பெட்டி, யார் கை,
விடிவதற்குள் சொல்லிடும்மா
என்றார் அதிகாரி தணிகைவேல்.

முதல் ஓட்டத்தில்
வந்த வழி மொத்தத்தையும் சுமந்துகொண்டு போனது நிரல்.
ஒருவரிடமிருந்து நாற்பது பேர்.
நாற்பதிலிருந்து ஆயிரத்து அறுநூறு.
அடுத்த எட்டில் அறுபத்து நாலாயிரம்,
ஒவ்வொருவர் முதுகிலும் ஒரு மூட்டை.
விசிறி இரைந்தது. சுட்டி நகரவில்லை.
பத்து இருபதுக்கு ஒரே சொல்: கில்டு.
கொன்றது யார் என்று அது சொல்லாது.

சுமையைக் குறைத்தேன்.
முழு வழி வேண்டாம், உனக்கு யார் கொடுத்தார்,
அந்த ஒரு பெயர் போதும்,
பிற்பாடு திரும்பி நடந்துகொள்ளலாம்.
கடலிலிருந்து ஒரு தேடல், நெய்வேலியிலிருந்து ஒன்று,
நடுவில் எங்காவது முட்டிக்கொள்ளட்டும்.
பார்த்தாயிற்று என்பதற்கு ஆளுக்கு ஒரு பிட்.
பெயர்கள் எண்களாயின. எடை போனது. விலை போனது.
இன்னும் கொஞ்சம் இடம் தேவைப்பட்டது.
தேதியையும் எடுத்தேன்.

கீழே பரோட்டாக் கல்லைச் சுரண்டினார்கள்.
கெடிலத்திலிருந்து கொசு வந்தது.

இரண்டு ஐம்பதுக்கு வழி கிடைத்தது.
ஆறு கை. வளைவே இல்லை.
நடுவிலிருந்த எண்ணைப் பெயராக்கினேன்:
அஞ்சலாட்சி, சிங்காரத்தோப்பு, கூடை வியாபாரம்.
அனுப்பிவிட்டுத் தூங்கினேன்.
சந்தோஷமாகத்தான் தூங்கினேன்.
இதைச் சொல்லாமல் விட்டால்
கவிதைக்கும் கொஞ்சம் இடம் மிச்சமாகும்.

காலையில், அறிக்கைக்காக,
அந்தச் சில வரிகளை மட்டும்
மூலக் கோப்பிலிருந்து தேதியோடு எடுத்தேன்.

அவளுக்கு வந்தது வியாழக்கிழமை.
அவளிடமிருந்து போனது
அதற்கு முந்தின செவ்வாய்.
எந்த மீனும் அப்படி நீந்தாது.

தணிகைவேலைக் கூப்பிட்டேன். மார்க்கெட்டில் இருந்தார்.
அவர் குரலுக்குப் பின்னால் ஒருத்தி கத்திக்கொண்டிருந்தாள்:
"எதுல எழுதியிருக்கு, காட்டுய்யா,
எதுல எழுதியிருக்கு?"
பினாயில் ஊத்தியாச்சும்மா, என்றார்.
முப்பது கிலோ. சங்கரா.

கானாங்கெளுத்திகூட இல்லை.

ஐஸில் மீன் எத்தனை நாள் தாங்கும்?
பத்து என்று வைத்துக்கொண்டாலும்
பத்து நாள் வரிகள் போதும்.
மூன்று வருடத்தை எதற்கு ஏற்றினேன்?
இடத்துக்காகத் தூக்கி எறிந்த அந்த ஒரு பத்தி இருந்திருந்தால்
இடமே கேட்டிருக்காது.

மறுபடி ஓட்டினேன்.
ஒரு நாள் உள்ளே, முந்தின நாள் வெளியே,
யார் யார் கையில் மிச்சமிருந்தது என்பதை மட்டும்
அடுத்த நாளுக்குக் கொடுத்துக்கொண்டு.
நாற்பது விநாடி. விசிறிகூடச் சுற்றவில்லை.

ஐந்து கை.
மூன்றாவது எண் 218407.
பெயராக்கும் கட்டளையைத் தட்டிவிட்டேன்,
என்டரை அழுத்தவில்லை.
சிங்காரத்தோப்புப் பக்கம் அடுத்த பஸ்
எத்தனை மணிக்கு என்று பார்க்கிறேன்.